பெல்ஜியத்தின் பியரும் சாக்லெட்டும்: ருசிக்குப் பின்னே ஒரு வரலாறு

ஐரோப்பாவுக்குச் சுற்றுலா செல்லும் மலேசிய, சிங்கப்பூர்க் குடும்பங்கள் பலவற்றுக்குப் பெல்ஜியம் ஓரிரு நாள் ஊர்தான். பாரிசுக்கும் ஆம்ஸ்டர்டாமுக்கும் நடுவே சுற்றுலாப் பேருந்து பிரசல்ஸில் நிற்கும். பெரிய சதுக்கத்தில் ஒரு சுற்று, சிறுநீர் கழிக்கும் சிறுவன் சிலைக்கு முன்னால் ஒரு படம், கையில் சூடான வாஃபல் ஒன்று. பழக்கமுள்ளவர்களுக்கு மாலையில் ஒரு கோப்பை பியர். மறுநாள் விமான நிலையத்துக்குப் புறப்படும்போது ஒவ்வொருவர் பையிலும் நான்கைந்து சாக்லெட் பெட்டிகள் இருக்கும். அண்டை வீட்டாருக்கு ஒன்று, அலுவலகத்துக்கு ஒன்று, சம்பந்தி வீட்டுக்கு ஒன்று என்று கணக்குப் போட்டு வாங்கியவை அவை.

இதில் தவறேதும் இல்லை. ஓர் ஊருக்குப் போனால் அந்த ஊர்ப் பண்டத்தைச் சாப்பிட்டுப் பார்ப்பதுதான் பயணத்தின் பாதி இன்பம். ஆனால் ஒரு கேள்வியைக் கேட்டுப் பார்க்கலாம். பெல்ஜியத்தில் கொக்கோ மரம் விளைவதில்லை. அந்தக் குளிரில் அது ஒரு மாதம்கூடப் பிழைக்காது. அப்படியிருக்க, சாக்லெட் எப்படி பெல்ஜியத்தின் சொந்தப் பண்டம் ஆயிற்று? பக்கத்து நாடான பிரான்ஸ் திராட்சை மதுவைக் கொண்டாட, பெல்ஜியம் மட்டும் பியரைப் பிடித்துக்கொண்டதும், அதிலும் மற்ற நாடுகளைவிடக் கடுமையான பியரைப் பிடித்துக்கொண்டதும் ஏன்?

மண்வளமும் தட்பவெப்பமும் இதற்குப் பாதி விடைதான். மீதிப் பாதி போரிலும், சட்டத்திலும், பிழைப்புத் தேடி வந்த அந்நியர்களிடமும், பெல்ஜியத்தைக் கண்ணால்கூடப் பார்க்காத தொலைதூர மக்களிடமும் இருக்கிறது.

சாம்பலிலிருந்து எழுந்த சதுக்கம்

பயணிகள் முதலில் பார்க்கும் பிரசல்ஸ் பெரிய சதுக்கத்திலிருந்தே தொடங்கலாம். பொன் முலாம் பூசிய அந்தக் கட்டடங்கள் பல நூறு ஆண்டுகளாக அப்படியே நிற்பவை என்று எண்ணத் தோன்றும். உண்மை வேறு. 1695ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதம் பிரெஞ்சு மன்னர் பதினான்காம் லூயியின் படை, நகருக்கு வெளியிலிருந்து பீரங்கிகளால் சுட்டது. மூன்று நாள் எரிந்த தீயில் ஏறக்குறைய 4,000 வீடுகள் சாம்பலாயின. சதுக்கத்தில் நகர மண்டபத்தின் கோபுரமும் சில சுவர்களும்தாம் மிஞ்சின.

சதுக்கத்தை மீண்டும் கட்டி எழுப்புவதில் முன்னின்றவர்கள் தொழிற்சங்கத்தார். ரொட்டி சுடுவோர், தச்சர், படகோட்டிகள், பியர் வடிப்போர் என ஒவ்வொரு தொழிலாரும் தங்கள் தங்கள் சங்க மாளிகையைச் சில ஆண்டுகளுக்குள் எழுப்பினர். பியர் வடிப்போரின் மாளிகைக்குத் தங்க மரம் என்று பெயர். மற்றத் தொழில்களின் மாளிகைகளெல்லாம் கடைகளாகவும் உணவகங்களாகவும் கைமாறிவிட்ட பிறகும், அந்த ஒரு மாளிகை பியர் வடிப்போர் சங்கத்திடமே நிலைத்தது. 1998இல் யுனெஸ்கோ இந்தச் சதுக்கத்தை உலக மரபுடைமைப் பட்டியலில் சேர்த்தது. 2016இல் பெல்ஜியத்தின் பியர் பண்பாட்டையும் தனிப் பட்டியலொன்றில் சேர்த்தது.

காற்றில் புளிக்கும் பியர்

பிரசல்ஸுக்கே உரிய பழைய பியரின் பெயர் லாம்பிக். அதைச் செய்யும் முறை தமிழ் வீட்டுச் சமையலறைக்கு அந்நியமானதன்று. ஆட்டி வைத்த இட்லி மாவில் யாரும் ஈஸ்ட் சேர்ப்பதில்லை. இரவில் தானாகவே பொங்கிப் புளிக்கிறது. லாம்பிக்கும் அப்படித்தான். பார்லியையும் கோதுமையையும் கொதிக்கவைத்து எடுத்த சாற்றை, கூரைக்கு அடியில் இருக்கும் அகன்ற, ஆழமற்ற செப்புத் தொட்டியில் ஓர் இரவு முழுவதும் திறந்தே வைக்கிறார்கள். காற்றில் மிதந்து வரும் நுண்ணுயிர்களும், பழைய மரப் பீப்பாய்களில் குடியிருக்கும் நுண்ணுயிர்களும் அதைப் புளிக்கவைக்கின்றன. பிறகு ஓராண்டு முதல் மூன்றாண்டு வரை அது பீப்பாயில் கிடக்கும். இளசையும் முதிர்ந்ததையும் கலந்து புட்டியில் அடைத்தால் அதன் பெயர் கேஸ். புளிப்புச் செர்ரிப் பழத்தை ஊறவைத்தால் கிரீக்.

குளிர்காலத்தில் மட்டுமே இதைச் செய்ய முடியும். இரவு வெப்பமாக இருந்தால் வேண்டாத கிருமிகள் முந்திக்கொண்டு சாற்றைக் கெடுத்துவிடும். பிரசல்ஸின் ஆண்டர்லெக்ட் பகுதியில் 1900ஆம் ஆண்டு தொடங்கிய கான்டியோன் ஆலையில் இன்றும் இதே முறையைக் காணலாம். ஆனால் பருவநிலை மாற்றத்தால் குளிர்ந்த இரவுகள் குறைந்து வருகின்றன; லாம்பிக் வடிக்கும் நாள்களும் அதனால் குறைகின்றன. மேலை நாட்டு மதுவாயிற்றே என்று ஒதுக்கிவிடாமல், காற்றை நம்பிப் பிழைக்கும் ஒரு தொழில் என்று பார்த்தால் அந்தக் கவலை யாருக்கும் விளங்கும்.

ஒரு போரும் ஒரு சட்டமும்

1900ஆம் ஆண்டு வாக்கில் பெல்ஜியத்தில் 3,000க்கும் மேற்பட்ட பியர் ஆலைகள் இருந்தன. ஊருக்கு ஓர் ஆலை, சில ஊர்களில் தெருவுக்கு ஓர் ஆலை என்ற நிலை. 1914இல் முதல் உலகப் போர் மூண்டது. பெல்ஜியத்தைக் கைப்பற்றிய ஜெர்மானியப் படைக்குத் தோட்டாவும் பீரங்கிக் குண்டும் செய்யச் செம்பு தேவைப்பட்டது. பியர் ஆலைகளின் பெரிய செப்புக் கொப்பரைகளைக் கழற்றி எடுத்துச் சென்றார்கள். கொப்பரை போன பிறகு ஆலை ஏது? பல நூறு ஆலைகள் மீண்டும் திறக்கவே இல்லை.

போர் முடிந்த மறு ஆண்டு, 1919 ஆகஸ்டு மாதத்தில், ஒரு சட்டம் வந்தது. உணவகங்களிலும் மதுக்கூடங்களிலும் ஜின் போன்ற கடுமையான சாராய வகைகளை விற்கக் கூடாது. கடையில் வாங்குவதானால் குறைந்தது இரண்டு லிட்டர் வாங்க வேண்டும். ஏழைத் தொழிலாளி அன்றன்றைய கூலியில் ஒரு மிடறு சாராயம் வாங்கிக் குடித்துக் குடும்பத்தைத் தெருவில் விடுவதைத் தடுப்பதே நோக்கம். இரண்டு லிட்டருக்கான பணம் அவன் கையில் ஒருசேர இராது என்பது கணக்கு. இந்தச் சட்டத்தைக் கொண்டுவந்தவர் நீதித்துறை அமைச்சராக இருந்த எமில் வாண்டர்வெல்ட். தொழிலாளர் கட்சித் தலைவர். மதுவிலக்கில் நம்பிக்கை கொண்டவர். அவருடைய பெயர் இந்த வரலாற்றில் இன்னொரு முறையும் வரும்.

சட்டத்தின் விளைவு அவர் எதிர்பார்த்த வழியில் மட்டும் போகவில்லை. சாராயம் கிடைக்காத மதுக்கூடத்தில் கடுமையான பியருக்கு வரவேற்புக் கூடியது. ஆலைக்காரர்கள் அதை விளங்கிக்கொண்டார்கள். போர் முடிந்ததைக் கொண்டாட வடித்த பியர் ஒன்றுக்கு 1923இல் டூவல் என்று பெயர் மாறியது. பிளெமிஷ் பேச்சுவழக்கில் அதற்குப் பிசாசு என்று பொருள். இன்று அதன் மதுச்செறிவு 8.5 விழுக்காடு, சாதாரண பியரில் 5 விழுக்காடுதான். சாராயத் தடையை நீக்க 1983ஆம் ஆண்டு ஆயிற்று. அதற்குள் கடுமையான பியர் பெல்ஜியத்தின் அடையாளமாகவே ஆகிவிட்டது. குடியைக் குறைக்க வந்த ஒரு சட்டம், உலகப் புகழ்பெற்ற ஒரு குடிவகைக்கு உரமிட்டது. சட்டம் இயற்றுவோர் எல்லாருக்கும் இதில் ஒரு பாடம் உண்டு.

துறவிகளின் கணக்கு

பெல்ஜியத்தில் பியரை வடிப்பவர்களுள் துறவிகளும் உண்டு என்பது பலருக்கு வியப்பாக இருக்கும். டிராப்பிஸ்ட் என்னும் கத்தோலிக்கத் துறவிகள், பிறர் தருமத்தில் வாழாமல் தங்கள் உழைப்பில் வாழ வேண்டும் என்ற விதியை உடையவர்கள். சில மடங்கள் பாலாடைக்கட்டி செய்தன. சில பியர் வடித்தன. ஓர்வால் மடம் பிரெஞ்சுப் புரட்சிக் காலத்தில், 1793இல், இடித்து எரிக்கப்பட்டது. 1926இல் தொடங்கி அதை மீண்டும் கட்டியபோது, கட்டுமானச் செலவுக்காகவே 1931இல் அங்கே ஒரு பியர் ஆலையைத் தொடங்கினார்கள்.

வெஸ்ட்விளட்ரன் மடத்தின் கதை இன்னும் சிறப்பு. அங்கே வடிக்கும் பியருக்கு உலகெங்கும் தேடுதல் அதிகம். வேறு எவராக இருந்தாலும் ஆலையை விரிவாக்கிக் காசு குவித்திருப்பார்கள். துறவிகள் மறுத்துவிட்டார்கள். மடம் வாழ எவ்வளவு தேவையோ அவ்வளவே வடிப்போம் என்பது அவர்கள் கணக்கு. கட்டடச் செலவுக்காக 2011, 2012 ஆண்டுகளில் மட்டும் விதிவிலக்காகக் கடைகளுக்குக் கொஞ்சம் அனுப்பினார்கள். செலவு தீர்ந்ததும் பழைய நிலைக்கே திரும்பினார்கள். எவ்வளவு கிடைத்தாலும் போதாது என்று அலைகிற காலத்தில், போதும் என்ற சொல்லை ஒரு பியர் ஆலை சொல்லிக்கொண்டிருக்கிறது.

மருந்துக்கடையில் பிறந்த சாக்லெட்

இனி சாக்லெட்டுக்கு வரலாம். சதுக்கத்திலிருந்து சில நிமிட நடையில், கண்ணாடிக் கூரை வேய்ந்த ஒரு கடைவீதி இருக்கிறது. 1847இல் திறக்கப்பட்ட அந்த வீதியில், 1857இல் ஜான் நொய்ஹவுஸ் என்பவர் ஒரு மருந்துக்கடை வைத்தார். அவர் பெல்ஜியத்தில் பிறந்தவர் அல்லர். சுவிட்சர்லாந்திலிருந்து வந்து குடியேறியவர். கசக்கும் மருந்தை உட்கொள்ள மக்கள் முகம் சுளித்ததால் அதன்மேல் சாக்லெட்டைப் பூசிக் கொடுத்தார் என்பது அந்தக் கடையின் வழிவழிக் கதை. குழந்தைக்குக் கசப்பு மருந்தைத் தேனில் குழைத்துக் கொடுக்கும் தமிழ்த் தாய்மாருக்கு இந்த உத்தி புதிதன்று.

1912இல் அவருடைய பேரர், மருந்து இருந்த இடத்தில் இனிப்பான பூரணத்தை வைத்தார். கெட்டியான சாக்லெட் ஓட்டுக்குள் மெத்தென்ற பூரணம். பிராலின் என்று உலகம் இன்று அழைக்கும் பெல்ஜிய சாக்லெட் அதுதான். கொழுக்கட்டையைப் போல, வெளியே ஒன்று, உள்ளே ஒன்று. ஆனால் காகிதக் கூம்பில் கட்டிக் கொடுத்தால் அடியில் இருப்பது நசுங்கியது. 1915இல் பேரரின் துணைவியார் லூயிஸ் அகோஸ்தினி ஓர் அட்டைப் பெட்டியை வடிவமைத்தார். இன்று சுற்றுப்பயணிகள் வரிசை வரிசையாக வாங்கி வரும் பெட்டியின் மூதாதை அந்தப் பெட்டி. நாடு அந்நியப் படையின் பிடியில் இருந்த ஆண்டில் ஒரு பெண்மணி கண்டுபிடித்த எளிய பொருள் அது.

மற்றொரு புகழ்பெற்ற பெயரான லியோனிடாஸும் வெளியிலிருந்து வந்ததே. லியோனிடாஸ் கெஸ்டகிடிஸ் என்னும் கிரேக்கர் அமெரிக்காவில் மிட்டாய் செய்து பிழைத்தவர். 1910இல் பிரசல்ஸிலும் 1913இல் கெண்ட் நகரிலும் நடந்த உலகக் கண்காட்சிகளுக்கு வந்து, பரிசு பெற்று, பெல்ஜியத்திலேயே தங்கிவிட்டார். உலகம் முழுவதும் மிட்டாய்க் கடைகளுக்கு மூலச் சாக்லெட்டை வழங்கும் காலபோ நிறுவனமோ, 1850இல் வீஸ என்ற சிற்றூரில் பியர் ஆலையாகத் தொடங்கியது. சாக்லெட்டுக்கு வந்தது 1911இல்தான். பெல்ஜியத்தில் பியரும் சாக்லெட்டும் அண்டை வீட்டார் மட்டுமல்லர், சில இடங்களில் ஒரே வீட்டார்.

ஆக, உள்ளூர்ப் பண்டம் என்று பயணிகள் கொண்டாடுவதைச் செய்து தந்தவர்களில் பலர் வந்தேறிகள். சரி, செய்தவர்களின் கதை இது. மூலப்பொருளை விளைவித்தவர்களின் கதை என்ன? 1883இல் பதிவான கோட் டோர் என்னும் பெல்ஜியச் சாக்லெட்டின் பெயருக்குத் தங்கக் கடற்கரை என்று பொருள். இன்றைய கானா நாட்டின் அன்றைய பெயர் அது. உறையில் யானைப் படம் இருக்கும். ஆப்பிரிக்கா பெயரிலும் படத்திலும் தெரிந்தது. ஆப்பிரிக்க மனிதர் மட்டும் தெரியவில்லை.

ஆண்ட்வெர்ப் நகரின் கை

பிரசல்ஸிலிருந்து ஒரு மணி நேரத்துக்கும் குறைவான ரயில் பயணத்தில் இருப்பது ஆண்ட்வெர்ப் துறைமுகம். 16ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில், போர்த்துகீசியர் ஆசியாவிலிருந்து கொண்டுவந்த மிளகும் மற்ற மணப்பொருள்களும் ஐரோப்பாவில் கைமாறிய பெரிய சந்தை அது. 1511இல் மலாக்காவை அவர்கள் பிடித்ததும் அந்த வணிகத்துக்காகவே.

இந்த நகரின் தனிப் பண்டம் கை வடிவத்தில் செய்த பிஸ்கட். அதே வடிவில் சாக்லெட்டும் கிடைக்கும். அதற்கு ஒரு பழங்கதை உண்டு. அன்டிகோன் என்னும் அரக்கன் ஆற்றில் செல்லும் படகுகளிடம் வரி கேட்டானாம். கொடுக்காதவர்களின் கையை வெட்டினானாம். பிராபோ என்னும் வீரன் அந்த அரக்கனின் கையை வெட்டி ஆற்றில் எறிந்தானாம். வெட்டிய கையை அவன் வீசும் காட்சி, நகரின் பெரிய சதுக்கத்தில் 1887ஆம் ஆண்டு முதல் வெண்கலச் சிலையாக நிற்கிறது. கை பிஸ்கட்டை 1934இல் உருவாக்கியவர் ஜோஸ் ஹாக்கர் என்னும் யூத ரொட்டிக்காரர். இரண்டாம் உலகப் போரில் நாஜிகளிடம் சிக்கி, கிழக்கே முகாமுக்குக் கொண்டுசெல்லும் ரயிலிலிருந்து தப்பிப் பிழைத்தவர். இனிப்புச் செய்தவர் மீது குறை சொல்ல ஏதுமில்லை. பழங்கதைக்கும் காங்கோவுக்கும் தொடர்பும் இல்லை.

ஆனால் அந்தச் சிலை எழுந்த காலத்தை மட்டும் எண்ணிப் பாருங்கள். அதற்கு இரண்டு ஆண்டுகளுக்கு முன், 1885இல், பெல்ஜிய மன்னர் இரண்டாம் லியோபோல்ட் ஆப்பிரிக்காவின் காங்கோவைத் தம் சொந்த உடைமையாக ஆக்கிக்கொண்டிருந்தார். பெல்ஜியத்தைப் போலப் பல பத்து மடங்கு பெரிய நாடு அது. ரப்பருக்கு உலகச் சந்தையில் விலை ஏறியதும், காட்டு ரப்பரைக் கொண்டுவரும்படி ஊர் ஊராக மக்கள் வதைக்கப்பட்டார்கள். சுட்ட தோட்டாவுக்குக் கணக்குக் காட்டச் சிப்பாய்கள் இறந்தவரின் வலக்கையை வெட்டிக் கொண்டுவர வேண்டும். தோட்டாவை வேட்டையில் செலவழித்தவர்கள், உயிரோடு இருந்தவர் கையையும் வெட்டினார்கள். வில்லியம் ஷெப்பர்ட் என்னும் கறுப்பின அமெரிக்கச் சமய ஊழியர் 1899இல் ஒரு முகாமில், தீயின்மேல் வாட்டி வைத்திருந்த வலக்கைகளை எண்ணினார். மொத்தம் 81.

அந்த ரப்பர் வந்து இறங்கிய துறைமுகம் ஆண்ட்வெர்ப். கப்பல் நிறுவனம் ஒன்றின் எழுத்தராக அங்கே வந்துபோன ஆங்கிலேயர் இ.டி. மோரெல், கணக்கேட்டில் ஒன்றைக் கவனித்தார். வரும் கப்பல்களில் ரப்பரும் தந்தமும் நிரம்பியிருந்தன. போகும் கப்பல்களில் வணிகப் பொருள் இல்லை. துப்பாக்கியும் தோட்டாவுமே இருந்தன. விலை கொடுத்து வாங்கவில்லை, பறிக்கிறார்கள் என்பது அவருக்கு விளங்கியது. வேலையை விட்டுவிட்டு, காங்கோவுக்காக உலகம் முழுவதும் குரல் எழுப்பினார்.

1897இல் பிரசல்ஸில் உலகக் கண்காட்சி நடந்தது. அதன் ஒரு பகுதியாக, நகருக்கு வெளியே தெர்வூரனில் காங்கோ மக்கள் 267 பேரைக் கொண்டுவந்து, குடிசை போட்டு, வேடிக்கைப் பொருளாக வைத்தார்கள். பார்க்க வந்த மக்கள் அவர்களுக்கு மிட்டாயை எறிந்தார்கள். சிலருக்கு வயிறு கெட்டது. உணவை ஏற்பாட்டாளர்களே கொடுக்கிறார்கள் என்று, விலங்குக் காட்சிசாலையில் எழுதி வைப்பதுபோல ஒரு பலகையை எழுதி வைத்தார்கள். அவர்களில் ஏழு பேர் அந்த மண்ணிலேயே இறந்தார்கள். தெர்வூரன் தேவாலயத்தின் அருகே அவர்களின் கல்லறைகள் இருக்கின்றன. இனிப்பின் வரலாற்றில் இவ்வளவு கசப்பான பக்கம் குறைவு.

இந்த இடத்தில்தான் வாண்டர்வெல்ட் மீண்டும் வருகிறார். காங்கோ மக்களின் துன்பத்தை எழுதியதற்காக ஷெப்பர்ட் மீது ஒரு ரப்பர் நிறுவனம் அவதூறு வழக்குத் தொடுத்தது. 1909இல் வாண்டர்வெல்ட் கூலி வாங்காமல் காங்கோவுக்கே கப்பலேறிச் சென்று வாதாடினார். ஷெப்பர்ட் விடுதலையானார். அதற்கு முந்திய ஆண்டே, உலகின் கண்டனம் தாங்காமல், காங்கோ மன்னரின் கையிலிருந்து பெல்ஜிய அரசுக்கு மாறியிருந்தது. காங்கோ விடுதலை பெற்றது 1960இல். பெல்ஜிய மன்னர் பிலிப் 2022இல் கின்ஷாசாவுக்குச் சென்று, நடந்தவற்றுக்கு ஆழ்ந்த வருத்தம் தெரிவித்தார்.

மலாயாவுக்கு வந்த நூல்

காட்டு ரப்பரின் காலம் முடிந்ததற்கு மனசாட்சி மட்டும் காரணமன்று. மலாயாவின் தோட்ட ரப்பர் அதைச் சந்தையிலிருந்து தள்ளியது. அந்தத் தோட்டங்களில் பால் மரம் வெட்டியவர்கள் தமிழ்நாட்டிலிருந்து கப்பலேறிய தொழிலாளர்கள் என்பது மலேசியத் தமிழருக்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. காங்கோவில் தொழில் பழகிய அட்ரியன் ஹாலே என்னும் பெல்ஜியர் சொக்ஃபின் நிறுவனத்தைத் தொடங்கி, சுமத்ராவில் செம்பனையை நட்டார். அவருடைய கூட்டாளியான பிரெஞ்சுக்காரர் ஹென்ரி ஃபோகோனியே, 1917இல் சிலாங்கூர் தென்னமரம் தோட்டத்தில் மலாயாவின் முதல் வணிகச் செம்பனைத் தோட்டத்தை அமைத்தார். தோட்டத்தின் பெயரிலேயே தமிழ் ஒலிக்கிறது.

அந்தச் செம்பனை ஒரு நாள் பெல்ஜியச் சாக்லெட்டின் வாசலிலும் போய் நின்றது. சாக்லெட்டில் கொக்கோ வெண்ணெய் தவிர வேறு கொழுப்பு கலக்கலாமா என்று ஐரோப்பிய நாடுகள் முப்பது ஆண்டுகளுக்குக் குறையாமல் சண்டையிட்டன. பிரிட்டன் கலக்கலாம் என்றது. பெல்ஜியம் கூடாது என்றது. 2000ஆம் ஆண்டு ஐரோப்பிய ஒன்றியம் 5 விழுக்காடு வரை ஆறு தாவரக் கொழுப்புகளைச் சேர்க்க அனுமதித்தது. அந்த ஆறு எவை? செம்பனை எண்ணெய் ஒன்று. போர்னியோ காடுகளில், சரவாக் மக்கள் எங்காபாங் என்று அழைக்கும் மரத்தின் கொட்டை ஒன்று. ஆப்பிரிக்காவின் ஷியா ஒன்று. இந்தியாவின் குங்கிலிய மர விதை, மேற்குக் கடற்கரையின் கொக்கம் விதை, மாங்கொட்டைப் பருப்பு ஆகியவை மற்ற மூன்று. பெல்ஜியர் வேண்டாம் என்று வாதாடிய பட்டியலில் பெரும்பகுதி ஆசியக் காட்டிலும் தோப்பிலும் கிடைப்பது! சேர்த்தால் உறையில் எழுத வேண்டும் என்பது விதி. வாங்குவோர் படித்துப் பார்க்கலாம்.

இன்றைய கசப்பு

பழைய கொடுமை பழையதோடு போயிற்று என்று பெருமூச்சு விட முடிந்தால் நல்லது. உலகின் கொக்கோவில் பாதிக்கும் மேல் இன்று விளைவது ஐவரி கோஸ்ட், கானா என்னும் இரண்டு மேற்கு ஆப்பிரிக்க நாடுகளில். பெரும்பாலும் சில ஏக்கர் வைத்திருக்கும் சிறு விவசாயிகள். பிள்ளைகளைக் கொடுமையான வேலையில் ஈடுபடுத்துவதை நிறுத்துவோம் என்று 2001இல் பெரிய சாக்லெட் நிறுவனங்கள் ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டன. 2005ஆம் ஆண்டு கெடு தவறியது. பிறகு வந்த கெடுக்களும் தவறின. 2018-19 விளைச்சல் பருவத்தில் அந்த இரு நாடுகளிலும் 15 லட்சத்து 60 ஆயிரம் பிள்ளைகள் கொக்கோத் தோட்ட வேலையில் இருந்ததாக, 2020இல் வெளிவந்த அமெரிக்க ஆய்வு கூறியது. கத்தி பிடித்துக் காய் உடைக்கும் பிள்ளைகளில் எத்தனை பேர் ஒரு பிராலினை வாயில் போட்டுப் பார்த்திருப்பார்கள்?

2024 டிசம்பரில் கொக்கோவின் விலை டன்னுக்கு 12,000 அமெரிக்க டாலரையும் தாண்டியது. மழை பொய்த்தும் மிகுந்தும் கெடுத்ததும், மரங்களை நோய் தாக்கியதும் காரணம். கடையில் சாக்லெட் விலை ஏறியது. ஆனால் கானாவிலும் ஐவரி கோஸ்ட்டிலும் விவசாயிக்குரிய விலையை அரசு முன்கூட்டியே நிர்ணயிப்பதால், உலகச் சந்தை உயர்ந்த வேகத்தில் அவருடைய கைக்குப் பணம் வரவில்லை. பெல்ஜியத்தில் அரசும் நிறுவனங்களும் தொண்டு அமைப்புகளும் 2018இல் கூடி, 2030க்குள் தங்களுக்குக் கொக்கோ தரும் விவசாயக் குடும்பங்கள் மானத்தோடு வாழும் வருமானம் பெற வழிசெய்வதாக உறுதி எடுத்தன. வாங்குவோரும் கேட்டுக்கொண்டே இருந்தால்தான் அந்த உறுதி நிலைக்கும்.

ருசிக்கத் தெரிந்தவர்

இவ்வளவும் தெரிந்த பிறகு பெல்ஜியத்துக்குப் போய் ஒன்றும் சாப்பிடாமல் வந்துவிட வேண்டுமா? வேண்டியதில்லை. அறிந்து உண்பதே கூடுதல் ருசி.

போகிறவர்களுக்குச் சில செய்திகள் உதவும். பெல்ஜியத்தின் பேர்பெற்ற உருளைக்கிழங்கு வறுவலை மரபுப்படி மாட்டுக் கொழுப்பில்தான் இருமுறை பொரிக்கிறார்கள். மாட்டிறைச்சி உண்ணாதவர்கள் தாவர எண்ணெயா என்று கேட்டுவிட்டு வாங்குவது நல்லது. பிராலின் சிலவற்றின் பூரணத்தில் மது இருக்கும். குழந்தைகளுக்கும் மது தொடாதவர்களுக்கும் வாங்குமுன் விசாரிக்க வேண்டும். பியர் அருந்துவோர், 9 விழுக்காட்டுப் பியர் ஊர்ப் பியரைப் போல இருமடங்கு வேகமுடையது என்பதை மறக்கக் கூடாது. அங்கே அதற்கென்று தனிக் கோப்பை வைத்துச் சிறுகச் சிறுக அருந்துவார்கள். அடுக்கடுக்காகப் பத்துப் பெட்டி வாங்குவதைவிட, கொக்கோ எந்த நாட்டிலிருந்து, எந்த விவசாயிகளிடமிருந்து வந்தது என்று சொல்லத் தெரிந்த கடையில் இரண்டு பெட்டி வாங்குவது மேல். நேரமிருந்தால் தெர்வூரன் வரை டிராமில் போய், அந்த ஏழு கல்லறைகளின் முன் ஒரு நிமிடம் நிற்கலாம்.

உப்பிட்டவரை உள்ளளவும் நினை என்பது தமிழ் மக்களின் பழமொழி. உப்பிட்டவருக்குப் பொருந்துவது இனிப்பிட்டவருக்கும் பொருந்தும். செப்புக் கொப்பரையைப் பறிகொடுத்த ஆலைக்காரரும், போதும் என்று சொன்ன துறவியும், பெட்டி செய்த லூயிஸ் அம்மையாரும், மரத்தடியில் காய் உடைக்கும் ஆப்பிரிக்கச் சிறுவனும் அந்த ஒரு பையில் சேர்ந்தே வருகிறார்கள்.

ஆண்ட்வெர்ப் கடைக் கண்ணாடிக்குள் அந்தச் சின்னஞ்சிறு சாக்லெட் கைகள் இன்றும் வரிசையாக அடுக்கியிருக்கின்றன. வாங்கலாம், சாப்பிடலாம், பிள்ளைகளுக்கும் கொடுக்கலாம். இது எதற்கு அப்பா கை மாதிரி இருக்கிறது என்று பிள்ளை கேட்டால், அரக்கனின் கதையைச் சொல்லி அதோடு நிறுத்திவிடாமல், அந்த 81 கைகளின் கதையையும் சொன்னால் போதும்.